தைலமரமும் கிருமிகளும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண் மேடுகளில், பெரும்பாலும் காகிதக் கூழுக்கென்று வளர்க்கப்பட்டிருக்கும் தைலமரத் தோப்புக்களைக் கடக்கிறவர், ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தவுடன், ஜலதோஷத்திற்கு ஆவி பிடிக்கையில் வெந்நீரில் விடும் நீலகிரித் தைலத்தை நினைப்பது இயல்பே. ஆயினும் அத்தைலத்திற்குப் பெயர் பெற்றது, 1843-ஆம் ஆண்டில் காட்டன் என்னும் ராணுவ அதிகாரி நீலகிரிக்குக் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் குளிர்தேசத்து இனம். புதுக்கோட்டையில் நிற்பனவோ வறட்சி தாங்கும் வேறு இனங்களும் அவற்றின் கலப்புக்களுமாம்.

இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசிமுனையளவாய் ஒளிரும் புள்ளிகளே எண்ணெய்ப் பைகள். கொப்பரையில் இலையை அடைத்து நீராவி செலுத்தினால், தனியே கொதிப்பதற்கு 176 பாகை வெப்பம் வேண்டிய சினியோல் என்னும் பிரதான வஸ்து, நீராவியோடு கூடி 100 பாகைக்கும் குறைவிலேயே எழுந்து, குளிர்ந்தபின் நீரின்மேல் மிதக்கிறது. 1870-இல் பிரெஞ்சு இரசாயனி குளோயெஸ் ஆராய்ந்து பெயரிட்ட இவ்வஸ்து, மருந்துத் தைலத்தில் 70 சதவீதத்திற்குக் குறையலாகாது என்பது ஐரோப்பிய மருந்து நூலின் விதி. எஞ்சியது ஆல்பா-பைனீன், லிமோனீன் முதலியன. சமவெளி இனங்களில் பைனீன் மிகுந்து சினியோல் குறைவதுண்டு; ஒரே இனத்திலும் மரத்துக்கு மரம் விகிதம் மாறும்.

கொழுப்பை நாடும் இந்த மூலக்கூறுகள், பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வினுட் புகுந்து அதை நெகிழ்த்தவே, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து, உயிர்த்தொழில் குலைகிறது. சீழ்ப்புண்ணை விளைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் இதற்கு ஓரளவு எளிதில் பணிகிறது. சவ்வுக்கு வெளியே மற்றோர் உறையும் பூண்ட சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவோ பெரிதும் அசைவதில்லை. சினியோலைத் தனியே பிரித்துச் சோதித்தால் அதன் கீர்த்தி மங்கிவிடுவதையும் சொல்லவேண்டும். நமது அஞ்சறைப் பெட்டியில் அடக்கமாகக் கிடக்கும் ஓமத்தின் தைமோல் கிருமிநாசத்தில் அதனினும் வல்லது.

ஆவி பிடித்ததும் மூக்கு திறந்ததுபோல் தோன்றுவது, கிருமி மாண்டதனாலன்று. குளிர்ச்சியை உணரும் நரம்பைச் சினியோல் தூண்டுவதனால். ஜலதோஷத்தை உண்டாக்குவது பாக்டீரியாவும் அன்று, வைரஸ். சோதனைச்சாலைத் தட்டில் கிருமியைக் கொல்லும் அளவுக்கு இத்தைலத்தை உடம்பினுள் சேர்க்க முயல்வது அபாயம். சில மில்லிலிட்டர் விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பும் மயக்கமும் கண்டதுண்டு. ஆகையால், ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டிய காய்ச்சலுக்குத் தோப்பில் பறித்த இலையைக் காய்ச்சிக் குடிப்பது வைத்தியமாகாது. புட்டியிலுள்ள தைலத்தையும் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்திலே வைக்கவேண்டும்.