பஸ்ஸைத் துரத்தினால் சர்க்கரை குறையுமா?

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தவருக்கு, சீட் கிடைத்த பிறகும் ஏன் மூச்சு வாங்குகிறது? ஓடும்போது பட்ட ஆக்சிஜன் கடனை உடம்பு அடைக்கிறது. அதில் கரையும் கலோரி ஒரு மெதுவடைக்குக்கூடக் காணாது. ஆதாயம் வேறிடத்தில்.

கடுமையாக இயங்கும் தசை, சேமித்த கிளைகோஜனை மளமளவெனச் செலவழிக்கிறது. உடனே குளுட்-4 என்னும் புரதங்கள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து, இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தச் சர்க்கரையை உள்ளே இழுக்கின்றன. கூடுதல் எடையால் இன்சுலினின் பேச்சு எடுபடாதவர்களுக்கு இது பின்வாசல். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்வரை தசை இன்சுலினுக்கும் இணங்கும். பிறகு மறுபடி ஓட வேண்டும்.

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, கொஞ்ச நேரம் கடுமையாக இயங்கும் இந்த உத்தியைப் பதின்வயதுப் பெண்களுக்கு 10 நிமிட நடனமாக்கி ‘தாண்டவ்’ என்று பேர் வைத்தது. நெஞ்சு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் துரத்த வேண்டாம். அடுத்த பஸ் வரும்.