வாக்கு ஒரு கணக்கு, இடம் ஒரு கணக்கு

நம் சங்க மலருக்கு நான் வழக்கமாக இலக்கியம்தான் எழுதுவேன். இந்த முறை பிரிட்டன் தேர்தல் கணக்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் பக்கத்துக் கடைக்காரர். அகமதாபாத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக எவர்சில்வர் பாத்திர வியாபாரம் எனக்கு. அவர் குஜராத்திக்காரர், தங்கை குடும்பம் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் இருக்கிறது. 2024 ஜூலை 4-ல் அங்கே பொதுத்தேர்தல். முடிவு வந்த அன்று சாயங்காலம் டீயோடு வந்தார். "அண்ணா, அங்கே ஜனங்க ஒரேயடியா தொழிற்கட்சிப் பக்கம் சாஞ்சுட்டாங்க. குடியேற்றத்தைக் குறைக்கணும்னு சொன்ன ரிஃபார்ம் கட்சிக்கு அஞ்சே சீட்டு! தங்கச்சி இனிமே நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

அந்த 'ஒரேயடியா' எனக்கு உறுத்தியது. ராத்திரி கடைக் கணக்கை முடித்துவிட்டு, பேரனிடம் சொல்லி முடிவுகளை எடுக்கச் செய்து, பழைய பேரேடு ஒன்றில் எழுதிப் பார்த்தேன்.

மொத்தம் 650 இடங்கள். தொழிற்கட்சிக்கு 411, அதாவது நூற்றுக்கு 63. ஆனால் வாங்கிய வாக்கோ நூற்றுக்கு 33.7தான். கன்சர்வேடிவ் கட்சிக்கு 23.7 சதவீத வாக்கு, 121 இடம். ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீதம், 5 இடம். அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72 இடம்! ஓர் இடத்துக்கு எத்தனை வாக்கு என்று வகுத்தால், தொழிற்கட்சிக்குச் சுமார் 23,600. ரிஃபார்முக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். ஒரே சந்தையில் இத்தனை விலை வித்தியாசமா?

தில்லுமுல்லு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தொகுதியும் தனிக்கடை. அங்கே யார் முதலில் வந்தாரோ அவருக்கே இடம். இரண்டாமவரின் வாக்கு வேறெங்கும் வரவு வைக்கப்படாது. ரிஃபார்ம் கட்சி 98 தொகுதிகளில் இரண்டாவதாக வந்தது, பலன் இல்லை. லிபரல் டெமாக்ரட்காரர்கள் ஜெயிக்கக்கூடிய இடங்களில் மட்டும் பாடுபட்டார்கள். தென்மேற்கு நார்ஃபோக் தொகுதியில் முன்னாள் பிரதமர் லிஸ் ட்ரஸ் 630 வாக்கில் தோற்றார். ஜெயித்தவர் வாங்கியது 26.7 சதவீதம். அதாவது நாலில் மூணு பேர் அவருக்குப் போடவில்லை.

நண்பரின் தங்கை இருக்கும் லெஸ்டர் கிழக்கில் வேடிக்கை இன்னும் அதிகம். 1987 முதல் அது தொழிற்கட்சியின் கோட்டை. அந்தக் கட்சி நாடு முழுக்க ஜெயித்த வருஷத்தில் இங்கே மட்டும் கன்சர்வேடிவ் வேட்பாளர் ஷிவானி ராஜா 31 சதவீத வாக்கில் வந்துவிட்டார். முன்பு தொழிற்கட்சி எம்.பி.க்களாக இருந்த இருவர் தனித்தனியே நின்று வாக்கைப் பிரித்தது ஒரு காரணம். அந்தத் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி புதிதாகப் பிடித்த ஒரே தொகுதி இதுதான். மறுநாள் இதைச் சொன்னபோது நண்பர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

சரி, தொழிற்கட்சிக்கு ஆதரவு பெருகியதா? 2017-ல் அக்கட்சி 40 சதவீதம், ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம் வாக்கு வாங்கித் தோற்றது, 262 இடம். 2019-ல் 32.1 சதவீதம், 1 கோடியே 2 லட்சத்துக்கு மேல், 202 இடம். 2024-ல் 97 லட்சம்தான், ஆனால் 411 இடம். வாக்கு குறைந்து இடம் இரட்டிப்பாகியிருக்கிறது! சதவீதத்தில் கூடியது 1.6தான். உண்மையில் நடந்தது என்னவென்றால், கன்சர்வேடிவ் வாக்கு 43.6-லிருந்து 23.7-க்குச் சரிந்தது. எதிர்க்கடை மூடியதால் நம் கடையில் கூட்டம் தெரிகிற மாதிரி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சதவீதம் என்பது வாக்குப் போட்டவர்களில்தான். 2024-ல் சுமார் 60 சதவீதம் பேரே போட்டார்கள். பதிவான வாக்காளர் அனைவரையும் வைத்துப் பார்த்தால் தொழிற்கட்சிக்குப் போட்டவர் ஐந்தில் ஒருவர்தான். வராதவர் மனசு யாருக்குத் தெரியும்? தேர்தலுக்குத் தேர்தல் ஒப்பிடுவதிலும் பள்ளம் உண்டு. ரிஃபார்ம் கட்சி 2019-ல் பிரெக்ஸிட் கட்சி என்ற பெயரில் நின்றபோது, கன்சர்வேடிவ் வசம் இருந்த 317 தொகுதிகளில் ஆளே நிறுத்தவில்லை. அன்றைய 2 சதவீதத்தையும் 2024-ன் 14.3-ஐயும் பக்கத்தில் வைத்து 'ஏழு மடங்கு வளர்ச்சி' என்பது சரக்கே அனுப்பாத ஊரில் விற்பனை இல்லை என்று சொல்வது போல.

இந்த முறையில் 1951-ல் அதிக வாக்கு வாங்கிய தொழிற்கட்சியே ஆட்சியை இழந்து, சர்ச்சில் மறுபடி பிரதமர் ஆனார். முறையை மாற்றலாமா என்று 2011-ல் மக்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 'வேண்டாம்' என்றார்கள். நம் நாடும் இதே முறையைத்தான் எடுத்துக்கொண்டது. 2014 மக்களவைத் தேர்தலில் பகுஜன் சமாஜ் 4 சதவீதத்துக்கு மேல் வாங்கி, வாக்கில் மூன்றாமிடம் வந்தும் ஓர் இடம்கூட இல்லாமல் போனதை நாம் பார்த்தோமே.

நண்பரிடம் அன்று சொன்னேன்: "பாய், அந்த அஞ்சு சீட்டுக்குப் பின்னால் 41 லட்சம் பேர் நிக்கறாங்க. சீட்டைப் பாத்து ஊர் மனசை எடை போடாதீங்க." அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். 2025 மே முதல் தேதி ரன்கார்ன் இடைத்தேர்தல். போன தடவை தொழிற்கட்சி 14,000-க்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதி அது. ரிஃபார்ம் கட்சி 6 வாக்கில் பிடித்தது. ஆறே வாக்கு! செய்தி வந்ததும் நண்பர் தானாகவே என் கடை ஏறி வந்து, "அண்ணா, அந்தப் பேரேட்டைக் கொஞ்சம் எடுங்க" என்றார்.