உங்களுக்குத் தெரியுமா? கரையைவிடக் கலிங்கு ஏன் தாழ்வு?

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் இருக்கிறது அதியமான்கோட்டை. குன்றும் பாறையுமான இந்தப் பக்கத்தில் கனமழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் பாய்ந்தோடும். அந்த வேகத்தை மட்டுப்படுத்தும் மண் அணைதான் ஏரி. பள்ளமான பக்கங்களில் மட்டும் பிறை வடிவில் கரை. மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும்.

மண்கரைக்குப் பெரிய எமன், அதன் தலைக்கு மேல் வழியும் தண்ணீர். ஓரிடத்தில் வழிந்தாலே மண்ணை அரித்து, சில மணி நேரத்தில் கரையையே உடைத்துவிடும். அதனால்தான் கல்லால் கட்டிய கலிங்கைக் கரையைவிடத் தாழ்வாக வைத்தார்கள். உபரிநீர் அதன் வழியே இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். வெள்ளம் ஒரே மூச்சில் ஊருக்குள் வராது.

சில கலிங்குகளின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு அல்ல! பெருமழைக்காலம் ஓய்ந்ததும் அவற்றின் இடைவெளிகளைப் பலகையாலும் மண்ணாலும் அடைத்துக் கூடுதலாக நீர் தேக்குவார்கள். வெள்ளம் வந்தால் அடைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கத் தாமதித்தால் கரைக்கு ஆபத்து.

தமிழ்நாட்டில் இப்படி சுமார் 39,000 ஏரிகள். கரை உடைவது அந்தக் காலத்திலும் உண்டு. வள்ளல் பாரியின் பறம்பு நாட்டில், பாறைகளையும் குன்றுகளையும் இணைத்து எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையுடைய சிறுகுளம் ஒன்று உடைவதைப் புறநானூற்றின் 118ஆம் பாட்டில் பாடியிருக்கிறார் கபிலர்.