மாமூலுக்கு எந்த வசனம்?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மாலையில் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் காலடியெல்லாம் மெழுகு. சிமெண்ட் சிலுவைகளுக்குப் புதுச் சுண்ணாம்பு, அவற்றின் கைகளில் செவ்வந்திச் சரம். காற்றில் அணைந்த வத்தியைப் பக்கத்துக் கல்லறைச் சுடரில் பிடித்துப் பற்றவைத்துக்கொள்வார்கள். இந்தத் தோட்டத்தின் நடுவில்தான் ஒரு சுவர் எழுப்பினார்கள். ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்களைப் புதைக்க, மறுபக்கம் மற்றவர்களைப் புதைக்க.

சரி எது, தவறு எது என்பதற்குக் கிறிஸ்தவர்கள் எதை ஆதாரம் காட்டுகிறார்கள்? கத்தோலிக்கர் விவிலியம், மரபு, திருச்சபையின் போதனை என்பார்கள். ஆங்கிலிக்கர் வேதம், மரபு, பகுத்தறிவு என்பார்கள். மனசாட்சி இருவருக்கும் பொது. இவற்றில் எது அந்தச் சுவரைத் தாங்குகிறது? விவிலியம் இல்லை. அடிமை, சுதந்திரன் என்ற பிரிவே கிறிஸ்துவுக்குள் கிடையாது என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிவிட்டார். திருச்சபைச் சட்டமும் இல்லை. 1983 தொகுப்பின் 208ஆம் பிரிவு எல்லா விசுவாசிகளும் மாண்பில் சமம் என்கிறது. தமிழக ஆயர்கள் 2003 நவம்பரில் ரோமுக்குப் போனபோது போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டை அவர்கள் முன்னிலையிலேயே கண்டித்தார்.

தாங்குவது மாமூல். அது திருச்சபைக்குள் நுழைந்த கதை 400 ஆண்டு பழையது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயச் சின்னங்கள் அல்ல, வெறும் உலக வழக்கம் என்று வாதாடினார். 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி அதை ஏற்று ஆணையிட்டார். அதே ஆணையில், குலப்பெருமை உள்ளவர்கள் எளியவர்களை இகழ வேண்டாம், வழிபாட்டில் ஒதுங்கி நிற்க வேண்டாம் என்றும் மன்றாடியிருந்தார். முதல் பாதி நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பாதி காகிதத்தில் தங்கிவிட்டது. 1640இல் உயர்சாதி அல்லாத மற்றவர்களுக்கென்று பண்டாரசாமிகள் எனத் தனிக் குருக்களே வந்தார்கள். நொபிலியின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ‘இது சமயமல்ல, வழக்கம்’ என்ற ஒரு வாக்கியத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் அதன் நிழலில் எதையும் கொண்டுவந்து உட்காரவைக்கலாம்.

ஆங்கிலிக்கரும் இதே கேள்வியில் சிக்கினார்கள். பேராயர் ரெஜினால்ட் ஹீபர், சபைக்குள் சாதியை எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்ளலாம் என்று விசாரித்துக்கொண்டே தெற்கே வந்தார். உலக வழக்கமாக இருந்தால் கண்டிப்பு வேண்டாம் என்பது அவர் சாய்வு. 1826 ஏப்ரல் 3 காலை திருச்சிக் கோட்டையில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் நடத்திவிட்டுத் திரும்பியவர், குளிக்கும் தொட்டியிலேயே இறந்துபோனார். வயது 42. தூய யோவான் ஆலயத்தில் அடக்கம். ஏழே ஆண்டுகளில், 1833இல், பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள். இருவருக்கும் ஒரே வேதம், ஒரே பதவி. ஹீபர் ஊரின் பழக்கத்தைக் கேட்டார். வில்சன் பந்தியில் ஒதுக்கப்பட்டவனை நினைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காவிரியின் அக்கரையில் ஸ்ரீரங்கம், ஒதுக்கப்பட்டவனை நினைப்பதைத் தன் கதையாகவே சொல்கிறது. உறையூர்ப் பாணர் ஆற்றங்கரையில் தன்னை மறந்து நின்றார். வழிவிடவில்லை என்று லோகசாரங்க முனிவர் கல்லெறிந்தார், நெற்றியில் ரத்தம். அன்றிரவு கனவில் வந்த அரங்கன், அவரைத் தோளில் தூக்கி வா என்றான். முனிவர் அதற்கு மேல் சாஸ்திரம் புரட்டவில்லை. தோளைக் கொடுத்தார். திருப்பாணாழ்வார் சந்நிதிக்குள் போனது அப்படித்தான்.

கத்தோலிக்கரிடமும் அப்படித் தோள் கொடுத்தவர்கள் உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகச் சுவர் இருந்தது. 1910இல் இயேசு சபைக் குருக்கள் அதை இடித்தார்கள். கோபித்துக்கொண்டு பிரிந்துபோனவர்கள் உண்டு. வழக்கத்தால் வந்த உரிமை என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போட்டார்கள், எடுபடவில்லை. வடக்கன்குளம் அப்போது திருச்சி மறைமாவட்டத்தில் இருந்தது. வழக்கில் எதிர்த்தரப்பாக நின்ற பெயர் திருச்சி ஆயர் பார்த்.

அவருடைய பேராலயம் இருந்தது இதே மேலப்புதூரில்.