தொட்டுப் பார்த்தால் தெரியுமா?

டில்லியில் ஜனவரி மாதக் காலை. படுக்கையை விட்டு இறங்கி மொசைக் தரையில் காலை வைத்தால் சுரீர் என்கிறது. பக்கத்தில் விரித்திருக்கும் ஜமுக்காளமோ இதமாக இருக்கிறது. இரவு முழுவதும் ஒரே அறையில் கிடந்தவை. இரண்டின் உஷ்ணநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தரை நம் காலின் சூட்டை மளமளவென்று இழுத்துக் கொள்கிறது. ஜமுக்காளத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நரம்புகளுக்குத் தெரிவது தோலின் சூடும் அது மாறும் வேகமும்தான். பொருளின் உஷ்ணம் அல்ல.

சூட்டுக்கும் தொடுகைக்கும் நரம்புகளில் தனித்தனி வாங்கிகள் உண்டு. அவற்றைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. தனித்தனியே வரும் தகவல்களை மூளை கலந்துவிடுவதுதான் வேடிக்கை. குளிர்ந்த வெள்ளி நாணயத்தை நெற்றியில் வைத்தால், அதே எடையுள்ள வெதுவெதுப்பான நாணயத்தைவிடக் கனமாகத் தோன்றும் என்று ஜெர்மனியில் லீப்சிக் பேராசிரியர் வேபர் 1846-லேயே எழுதினார்.

1977-ல் பாரி கிரீன் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சோதனையை ஒட்டி வாசகர்கள் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரே மாதிரியான மூன்று நாணயங்கள் போதும். இரண்டை ஃபிரிஜ்ஜில் அரைமணி நேரம் வையுங்கள். மூன்றாவதை உள்ளங்கையில் மூடி வைத்திருங்கள். பிறகு அதை நடுவில் வைத்து மூன்றையும் வரிசையாக அடுக்கி, சுட்டுவிரலும் மோதிரவிரலும் குளிர்ந்தவற்றின் மீதும் நடுவிரல் நடு நாணயத்தின் மீதும் படும்படி ஒரே சமயத்தில் வையுங்கள். நடுவிரலும் குளிரும்! அதை மட்டும் சற்றே தூக்குங்கள். அந்தக் குளிர் போய்விடும். 'ஏதோ படுகிறது' என்ற செய்தி இருந்தால்தான் மூளை பக்கத்து விரல்களின் குளிரை இதற்கும் பங்கிடுகிறது.

குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கும்போது இது விளையாட்டல்ல. குழாய்த் தண்ணீரில் பாத்திரம் தேய்த்த கைக்கு நல்ல உடம்பும் கொதிக்கும். ரஜாய்க்குள்ளிருந்து நீளும் கைக்குக் காய்ச்சல் தெரியாமலே போகலாம். சந்தேகம் வந்தால் தெர்மாமீட்டரை எடுங்கள்.

நீண்டகாலம் நீரிழிவு உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடுகிறது. ஹீட்டர் சுடுவது கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். இவர்கள் வெந்நீரில் காலை விடுமுன் வீட்டில் வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்ப்பது நல்லது. படுக்கையில் வெந்நீர்ப் பை வேண்டாம். தளர்வான கம்பளிக் காலுறை போதும்.