விளக்குக்கு வரும் அந்துக்களை இனங்காண்போம்

வயலில் வெண்கதிர் கண்ட பின்னர் கடன்பட்டு நாசினி தெளிப்பதில் பயனில்லை. தண்டினுள் இருக்கும் புழு தன் வேலையை முடித்துவிட்டது. அதற்கு முன்னரே அந்துப்பூச்சியை இனங்காண வேண்டும். இடம்பெயர்ந்து, பழக்கமில்லாத ஊரில் குத்தகைக்கு வயல் செய்பவர்களுக்கு இது மிக அவசியம்.

பொழுதுபட்டதும் வரம்பில் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி, அதன் கீழே சவர்க்காரம் கரைத்த தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் வையுங்கள். நிலவில்லாத இரவுகளே நல்லவை. மஞ்சள் நிற முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் ஒரேயொரு கறுப்புப் புள்ளி இருந்தால் அது தண்டுதுளைப்பானின் பெண் அந்து. ஆண் சிறியது, மங்கல் பழுப்பு. மடிச்சுக்கட்டியின் அந்துக்குப் புள்ளியில்லை. அலைபோன்ற கருங்கோடுகளும் கரிய ஓரமும் உண்டு. விளக்குக்கு வருவதெல்லாம் பீடையல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

2018இல் இலங்கையில் பரவிய படைப்புழுவை அந்தாக இனங்காண்பது கடினம். சோளக் குருத்தை விரித்துப் புழுவின் தலையைப் பாருங்கள்: ஆங்கில ‘வை’ எழுத்தைக் கவிழ்த்தாற்போல வெளிர்க் கோடு இருக்கும்.

காலபோகத்தில் நெல் மட்டம் பெயரும்போதும் குடலைப் பருவத்திலும் கூடுதலாகக் கவனியுங்கள். தண்டுதுளைப்பானின் அந்துக்களைக் கண்டால், மறுநாள் இலைநுனியருகே மயிர் மூடிய முட்டைக் குவியல்களைத் தேடிக் கிள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவை பொரித்துவிடும். சிறுபோக அரிவிவெட்டின் பின்னர் புழு அடிக்கட்டையில் தங்கியிருக்கும். தாமதியாமல் உழுது புரட்டுங்கள்.