உங்களுக்குத் தெரியுமா? காலை 7 மணிக்குப் படுத்துவிட்ட இன்டர்நெட்

வேல்ஸ் நாட்டின் அபர்ஹோசன் கிராமத்தில் சுமார் 18 மாதங்களாகத் தினமும் காலை 7 மணிக்கு இன்டர்நெட் படுத்துவிடும். கேபிளின் பெரும்பகுதியை மாற்றியும் பலனில்லை. கடைசியில் ஓப்பன்ரீச் நிறுவனப் பொறியாளர்கள், அலைகளை அளக்கும் கருவியுடன் கொட்டும் மழையில் காலை 6 மணிக்கே ஊரைச் சுற்றி நடந்தார்கள். மணி 7 அடித்ததும் கருவியில் மின் இரைச்சல் எகிறியது. அது கிளம்பிய இடம், ஒரு வீட்டிலிருந்த பழைய டிவி! அதை ஆன் செய்யும் நேரம் அது. செம்புக் கம்பி இத்தகைய இரைச்சலை ஆன்டெனா போல இழுத்துக்கொள்ளும். சங்கதி தெரிந்ததும் வீட்டுக்காரர் கூனிக்குறுகிப் போனார். இனி அந்த டிவியைப் போடுவதில்லை என்று உடனே ஒப்புக்கொண்டார். 2020 செப்டம்பரில் இது உலகச் செய்தியானது.

ஃபைபர் கேபிளுக்குள் ஓடுவது ஒளி என்பதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை. வீட்டுக்குள் இருக்கும் வைஃபைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவது சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில், வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் அங்கேதான். சாம்பார் சூடாகும் நேரத்தில் மட்டும் வீடியோ நின்று நின்று ஓடினால், சந்தேகப்பட வேண்டியது அடுப்பைத்தான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் தீரும். ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் அதன் வலு நன்றாகவே குறையும்.

கோளாறு வைஃபையிலா, வெளி இணைப்பிலா? லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டருடன் இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போதும் அறுந்தால், அறுந்த நேரங்களைக் குறித்துக்கொண்டு புகார் கொடுப்பது நல்லது.